அதிகம் ஒலிக்காத ராஜா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இளையராஜாவின் பாடல்களில் பரவலாகக் கேட்கப்படாதவை பற்றி வாசகர்கள் எழுதலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். பெங்களூரின் பல பகுதிகளிலிருந்தும் வந்து சேர்ந்த கடிதங்களில் கேள்விகளைவிடத் தீர்ப்புகளே மிகுதி; ஒருவர் தலையில் வைத்துக் கொண்டாடும் பாடலை இன்னொருவர் ‘இதெல்லாம் ஒரு பாட்டா’ என்று ஒரே வரியில் ஒதுக்கியிருக்கிறார். சண்டைக்கு இடம் தரும் கடிதங்களையே இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ‘நூறாவது நாள்’ படத்தில் வரும் ‘விழியிலே மணி விழியில்’ பாடல் கன்னடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்கிறார் என் பக்கத்து வீட்டுக் கன்னட நண்பர். தமிழிலிருந்துதான் அங்கே போயிருக்கும் என்பது என் கட்சி. ராஜா நம்மவர் அல்லவா? எங்கள் தெருவே இந்த வழக்கில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. தாங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும்.
(வாசகர், அல்சூர்)

பதில்: வழக்கில் உங்கள் நண்பருக்கே வெற்றி. சங்கர் நாக் இயக்கி நடித்த ‘கீதா’ 1981ஆம் ஆண்டில் வெளிவந்த படம். மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ வந்தது 1984ஆம் ஆண்டில். ‘கீதா’வுக்காகச் சி. உதயசங்கர் எழுதிய ‘ஜொதெயலி ஜொதெ ஜொதெயலி’ என்ற பாடலை எஸ்.பி. பாலசுப்ரமணியமும் எஸ். ஜானகியும் பாடினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அதே மெட்டைத் தமிழில் பாடியவர்களும் அவர்கள் இருவர்தாம். தம்முடைய மெட்டைத் தாமே இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவதை ‘எடுத்தது’ என்று சொல்வது கொஞ்சம் கடுமை என்பதை மட்டும் உங்கள் நண்பரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

‘ராஜா நம்மவர்’ என்ற உரிமைப் பேச்சை இந்த ஊரில் இருந்துகொண்டு அவ்வளவு அழுத்தமாகப் பேச முடியாது. 1976ஆம் ஆண்டில் ‘அன்னக்கிளி’ வருவதற்கு முன்பு அவர் உதவியாளராக இருந்து தொழில் கற்றது ஜி.கே. வெங்கடேஷ் என்ற இசையமைப்பாளரிடம். ராஜ்குமாரின் ‘பங்காரத மனுஷ்ய’ உள்ளிட்ட கன்னடப் படங்களுக்கு இசை தந்தவர் இந்த வெங்கடேஷ். எனவே, தமிழில் பெயர் எடுத்த பிறகு பொழுதுபோகாமல் கன்னடத்தின் பக்கம் எட்டிப் பார்த்தவராக ராஜாவைக் கருத முடியாது; கன்னடத் திரையிசையின் உள்கூடம் அவருக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும். 1981ஆம் ஆண்டிலேயே ராஜ்குமார் நடித்த ‘நீ நன்ன கெல்லலாரெ’ படத்துக்கு இசையமைத்து, ராஜ்குமாரையும் ஜானகியையும் ‘ஜீவ ஹூவாகிதெ’ என்ற பாடலைப் பாட வைத்திருக்கிறார். தமிழ்நாட்டு ரசிகர்களிடம் இந்தப் பாடலின் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள்; இங்கே மல்லேஸ்வரத்திலோ ராஜாஜிநகரிலோ சொல்லிப் பாருங்கள், முதல் வரியை எதிரில் இருப்பவரே பாடி முடித்துவிடுவார்.

எது சிறந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அடுத்த சண்டை அதில்தான் தொடங்கப் போகிறது என்பதால் சொல்லிவிடுகிறேன்: என் வாக்கு கன்னடப் பாடலுக்கே. ‘ஜொதெ’ என்ற குறுகிய ஓசை மூன்று முறை அடுத்தடுத்து வந்து தாளத்தின் மேல் நேராக விழுகிறது. தமிழில் ‘விழி’ என்பதன் ழகரம் அதே இடத்தை வழுக்கிக்கொண்டு கடந்துவிடுகிறது. தமிழ் வடிவம் கேட்க மென்மையானதுதான். ஆனால் அந்த மெட்டுக்கு ஒரு துள்ளல் உண்டு. அந்தத் துள்ளலைத் தாங்கி நிற்பது கன்னடச் சொற்களே. படங்களின் வேறுபாட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘கீதா’ நோயில் காதலியை இழக்கும் ஒருவனின் கதை என்பதால், முடிவு தெரிந்தவர்களுக்கு அந்தத் துள்ளலே வலிக்கும். ‘நூறாவது நாள்’ ஒரு கொலை மர்மப் படம். அதில் இந்தப் பாடல் கதைக்கு நடுவே கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ள வைத்த இனிய இடைவேளை, அவ்வளவுதான். 2007ஆம் ஆண்டில் வந்த ‘சீனி கம்’ என்ற இந்திப் படத்தில் இதே மெட்டு ‘ஜானே தோ நா’ என்று ஷ்ரேயா கோஷலின் குரலில் வேகம் குறைந்து வந்தது. அதுதான் மூலம் என்று எண்ணும் இளைஞர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள்; அவர்களையும் சேர்த்துக்கொண்டால் மூன்றாவது கட்சியும் தயார்.

‘அதிகம் அறியப்படாத பாடல்’ என்ற பட்டியலில் ‘கீதா’வின் பாடல்களைச் சேர்த்து இம்முறை பலர் அனுப்பியிருந்தார்கள். 1990ஆம் ஆண்டில் சாலை விபத்தில் மறைந்த சங்கர் நாகின் படத்தை இன்றும் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு ஓடும் ஆட்டோக்கள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு, அவருடைய படப் பாடல்களை அறியப்படாதவை என்று எழுத நமக்கு எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை. அறியாதவர்கள் நாம் என்று எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

கேள்வி: நானும் என் கணவரும் ராஜா ரசிகர்களே. ஆனால் அவர், ‘ஒரு பாடல் நாற்பது ஆண்டுகளாகப் பிரபலமாகவில்லை என்றால் அதில் சரக்கு இல்லை என்றுதான் பொருள். நல்லது எப்படியும் மேலே வந்துவிடும்’ என்கிறார். அரிய பாடல்களைத் தேடித் தேடிக் கேட்கும் எனக்கு இது ஏற்கத்தக்கதாக இல்லை. உங்கள் கருத்து என்ன?
(வாசகி, ஒயிட்ஃபீல்டு)

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியை அவருக்கு முதலில் கொடுத்துவிடலாம். படம் தோற்றதால் பாடலும் மறைந்தது என்று ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் பெரும்பாலும் நிற்பதில்லை. 1982ஆம் ஆண்டின் ‘காதல் ஓவியம்’ தோல்விப் படம். அதன் பாடல்கள் தெரியாத ராஜா ரசிகர் உண்டா? படத்தில் இடமே இல்லாத பாடல்கள்கூட மேலே வந்திருக்கின்றன. ‘நிழல்கள்’ படத்துக்காக ஜானகி பாடிய ‘தூரத்தில் நான் கண்ட உன் முகம்’ இசைத்தட்டில் இருந்தது, திரையில் இல்லை. ‘புத்தம் புதுக் காலை’யின் கதை இன்னும் விசித்திரமானது. மகேந்திரன் எடுப்பதாக இருந்து கைவிடப்பட்ட ‘மருதாணி’ என்ற படத்துக்காக உருவான அந்தப் பாடல், 1981ஆம் ஆண்டில் ‘அலைகள் ஓய்வதில்லை’ இசைத்தட்டில் சேர்க்கப்பட்டது. ஆனால் அந்தப் படத்திலும் அது வரவில்லை. காட்சி என்ற ஒன்றே இல்லாமல் வானொலியின் வழியாகவும் கேசட்டின் வழியாகவும் வளர்ந்து, 2009ஆம் ஆண்டில் ‘பா’ என்ற இந்திப் படத்தில் ‘ஹல்கே ஸே போலே’ என்று உருமாறி, 2014ஆம் ஆண்டில் ‘மேகா’ படத்தில் மறுபடியும் தமிழில் வந்து சேர்ந்தது. நல்லது மேலே வந்துவிடும் என்ற உங்கள் கணவரின் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இனி உங்கள் பக்கம். ராஜாவின் பாடல்களை உண்மையில் மறைத்தவை அவருடைய மற்றப் பாடல்களே. ஒரே இசைத்தட்டில் ஒரு பாடல் ஊரையே பிடித்துக்கொண்டால் அதன் பக்கத்தில் இருப்பவை நிழலில் தங்கிவிடும். அவருடைய நூறாவது படமான ‘மூடுபனி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ‘என் இனிய பொன் நிலாவே’யை ஜேசுதாஸ் குரலில் கேட்டு, கிதார் வாங்கிய இளைஞர்கள் அந்தக் கிதாரில் முதலில் வாசிக்க முயன்றதும் அதையே. அதே படத்தில் மலேசியா வாசுதேவனும் ஜானகியும் பாடிய ‘பருவ காலங்களின் கனவு’ எத்தனை பேருக்கு உடனே நினைவுக்கு வரும்? சரக்கில் அது எந்த வகையிலும் குறைந்ததன்று. என் செவிக்கு அதன் தாளமும் இரு குரல்களின் விளையாட்டும் பொன் நிலாவைவிட நீண்ட நாள் அலுக்காதவை. ‘ஜானி’யிலும் இதே கதைதான். ‘காற்றில் எந்தன் கீதம்’, ‘என் வானிலே’ என்று இரண்டு பெரும் பாடல்கள் ஒரே படத்தில் அமைந்துவிட்டதால், பாலசுப்ரமணியம் பாடிய ‘சென்யோரீட்டா’ மூன்றாம் வரிசைக்குப் போய்விட்டது. வேறொரு இசையமைப்பாளரின் படத்தில் வந்திருந்தால் அந்த ஆண்டின் பாட்டாக அது இருந்திருக்கும்.

ஆகவே தேடிக் கேளுங்கள். ஆனால் தேடிப் பிடித்தது என்பதாலேயே ஒரு பாடலுக்கு மதிப்பெண் கூட்டிப் போடும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. எனக்கு வந்த கடிதங்களில் பாதி அந்தப் பழக்கத்தின் விளைவே. ‘இதை யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள்’ என்ற பெருமிதத்தோடு அனுப்பப்பட்ட பாடல்கள் சிலவற்றைப் பொறுமையாகக் கேட்டேன். யாரும் கேட்காமல் இருந்ததில் யாருக்கும் நட்டமில்லை. ஆண்டுக்கு நாற்பது, ஐம்பது படங்கள் என்று ஓடிய காலத்தில், முகப்பு இசையில் ஒரு நல்ல பொறி, பல்லவியில் அதன் பாதி, சரணத்தில் வெறும் கடமை என்று முடிந்துபோன பாடல்களும் அவரிடமிருந்து வந்திருக்கின்றன. பக்தி கொஞ்சம் தணிந்தால் இது காதில் விழும்.

கேள்வி: 1980களில் எங்கள் பகுதி ரெகார்டிங் சென்டரில் பதிந்து வாங்கிய கேசட் ஒன்று இன்னும் என்னிடம் உள்ளது. அதில் முதல் பக்கத்தின் கடைசியில் ‘மஞ்சள் வெயில் மாலையிட்ட பூவே’ என்ற பாடல் இருக்கிறது. நான் கொடுத்த பட்டியலில் அது இல்லை. எந்தப் படம், யார் பாடியது? என் தம்பி ஜென்சி என்கிறான். ராஜாவின் பாடகிகளில் ஜென்சிக்கு நிகர் இல்லை என்பது அவனுடைய இன்னொரு வாதம்.
(வாசகர், சிவாஜிநகர்)

பதில்: உமா ரமணன் பாடியது. சிவசங்கரியின் நாவலை வைத்து மகேந்திரன் எடுத்த ‘நண்டு’ படத்தில் வருகிறது, ஆண்டு 1981.

பட்டியலில் இல்லாத பாடல் கேசட்டுக்குள் வந்த வழியை அந்தக் காலத்துக்காரர்கள் அறிவார்கள். அறுபது நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம்; நாம் எழுதிக் கொடுத்த ஆறு பாடல்களைப் பதித்த பிறகு நாலு நிமிடம் மிஞ்சும். பாதியில் அறுந்து நிற்கும் பாடலை வாடிக்கையாளர் பொறுக்கமாட்டார், வெற்று நாடாவையும் பொறுக்கமாட்டார் என்பதால், கடைக்காரர் தமக்குப் பிடித்த ஒன்றை அந்த இடத்தில் ஏற்றிவிடுவார். இப்படிக் கடைசி நாலு நிமிடத்தில் ஏறி வந்து வீடுகளுக்குள் புகுந்த பாடல்கள் பல. இவற்றுக்குப் படத்தின் பெயர் தெரியாது, பாடியவர் தெரியாது, அட்டையில் எழுதியிருக்காது. ஆனால் இரண்டாம் பக்கத்துக்குத் திருப்பும்முன் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டே ஆக வேண்டும். இன்றைய செயலிகளும் பட்டியல் முடிந்தவுடன் தாமாக ஏதோ ஒன்றைத் தொடர்ந்து பாட வைக்கின்றன. ஆனால் அவை நாம் ஏற்கெனவே கேட்டதைப் போன்றதையே தேடித் தருகின்றன. உங்கள் கடைக்காரர் தம் ரசனையைத் தந்தார்.

‘நண்டு’ படத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பிடிக்கும். கதைநாயகன் லக்னோவைச் சேர்ந்தவன் என்பதால் அதில் இந்திப் பாடலும் உண்டு. பூபிந்தர் சிங்கும் ஜானகியும் பாடிய ‘கைஸே கஹூம்’ என்ற அந்தப் பாடலை எழுதியவர் பி.பி. ஸ்ரீநிவாஸ். கன்னடத்தில் ராஜ்குமாரின் குரலாகவே நீண்ட காலம் வாழ்ந்த பாடகர், தமிழ்ப் படம் ஒன்றுக்கு இந்தியில் பாட்டெழுதியிருக்கிறார். சிவாஜிநகர்க்காரருக்கு இந்தக் கலவையை விளக்க வேண்டிய தேவை இருக்காது. அதே படத்தில் மலேசியா வாசுதேவன் பாடிய ‘அள்ளித் தந்த பூமி’யும் இருக்கிறது. வாசுதேவனைக் குத்துப்பாட்டுக்கும் கிராமத்துப் பாட்டுக்கும் உரியவர் என்று ஒதுக்கி வைத்திருப்பவர்கள் ஒருமுறை அதைக் கேட்டுவிட்டுப் பேசலாம்.

உங்கள் தம்பியின் வாதத்துக்கு வருகிறேன். ஜென்சியின் குரலில் ஒரு கூச்சம் உண்டு. ‘தெய்வீக ராக’த்திலும் ‘இரு பறவைக’ளிலும் அந்தக் கூச்சமே அழகு. உமா ரமணனின் குரல் நேரானது, நாடகத்தனம் இல்லாதது. ‘மஞ்சள் வெயில்’ போன்ற பாடலில் வெளிச்சத்தை மட்டும் வைத்துவிட்டு விலகிக்கொள்ளும். என்னுடைய தேர்வு உமா ரமணன்தான். 2024ஆம் ஆண்டு மே மாதம் அவர் காலமானபோது எழுதப்பட்ட அஞ்சலிகள் எல்லாம் ‘பூங்கதவே தாழ் திறவாய்’, ‘ஆனந்த ராகம்’ ஆகிய இரண்டோடு நின்றுவிட்டன என்ற குறையும் எனக்கு உண்டு.

கேள்வி: ‘ஹௌ டு நேம் இட்’ என்ற இசைத்தொகுப்பைப் பெரிய சாதனை என்று ராஜா ரசிகர்கள் சொல்கிறார்கள். முறையாகக் கர்நாடக இசை பயின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது கர்நாடகமும் இல்லை, மேற்கத்தியமும் இல்லை. இரண்டையும் அரைகுறையாகத் தொட்டுக் காட்டும் முயற்சி. பாட்டு இல்லாத ராஜா எனக்கு ராஜா இல்லை.
(வாசகர், ஜெயநகர்)

பதில்: உங்கள் கடைசி வாக்கியத்தில் எனக்கு மறுப்பில்லை, அது விருப்பம். முன் வாக்கியங்களில் மறுப்பு உண்டு.

1986ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தத் தொகுப்பைத் தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக் என்பவருக்கும் காணிக்கையாக்கியிருந்தார் ராஜா. முதன்மை வயலினை வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். பாக் வயலினுக்கென்று எழுதிய இசை ஒன்றை அப்படியே ஓடவிட்டு, அதற்கு எதிரில் கமகங்கள் என்ற நம் இசையின் சுர அசைவுகளோடு கூடிய இன்னொரு வயலினைப் பேச வைக்கும் பகுதி அதில் இருக்கிறது; பாகைத் தம் வீட்டில் சந்தித்ததாகவே அதற்குத் தலைப்பும் வைத்திருக்கிறார். நீங்கள் சொல்லும் ‘இரண்டும் இல்லை’ என்ற குறையை இந்த ஒரு பகுதியில் சோதித்துப் பார்க்கலாம். பாகின் வரிகளில் அவர் கை வைக்கவில்லை. அவற்றின் சுரங்கள் நின்று நிதானிக்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால் அவற்றின் மேல் கமகம் ஏறவே ஏறாது. நம் வயலினோ ஒவ்வொரு சுரத்தையும் அசைத்து அசைத்துத்தான் நகரும். ஒன்று ஓட, மற்றொன்று தோய்ந்து நிற்க, இரண்டும் ஒரே சுருதியில் முட்டிக்கொள்ளாமல் போகின்றன. அரைகுறையாகத் தெரிந்தவரால் இந்த இடைவெளியை அளந்து வைத்திருக்க முடியாது. முழுநேரக் கச்சேரி இலக்கணத்தை அதில் தேடினால் ஏமாற்றமே. ஆனால் அவர் கச்சேரி செய்வதாக எங்கும் சொல்லவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தொகுப்பு முழுவதும் ஒரே தரத்தில் இல்லை. சில பகுதிகள் ‘என்னால் இதுவும் முடியும்’ என்று காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. இரண்டு ஆண்டுகள் கழித்து ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த ‘நத்திங் பட் விண்ட்’ அந்தக் காட்டிக்கொள்ளல் குறைந்தது என்பதால், எனக்கு அதுவே நெருக்கமானது. இதற்காக ரசிகர் கூட்டத்தில் நான் பலமுறை தனித்து விடப்பட்டிருக்கிறேன். ‘ஹௌ டு நேம் இட்’டை ஒரு படி கீழே வைப்பவரை அவர்கள் எளிதில் மன்னிப்பதில்லை.

பாட்டில்லாத ராஜாவை ஏற்கத் தயங்கும் உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பாலு மகேந்திரா தம்முடைய ‘வீடு’ படத்தில் பாடலே வைக்கவில்லை. பின்னணிக்கு இந்தத் தொகுப்பின் இசையைத்தான் பயன்படுத்தினார். சொந்தமாக ஒரு சிறிய வீடு கட்ட அலையும் பெண்ணின் கதையில், செங்கல்லும் சிமெண்டும் வந்து இறங்கும் காட்சிகளுக்குப் பின்னால் அதைக் கேளுங்கள். சங்கீத சபையின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதைவிட அங்கே அது உங்களோடு எளிதில் பேசும்.

கேள்வி: அரிய பாடல்கள் பலவற்றை அவரே பாடிக் கெடுத்துவிட்டார் என்பது என் தாழ்மையான கருத்து. கோபித்துக்கொள்ளாதீர்கள்.
(வாசகர், தாசரஹள்ளி)

பதில்: கோபம் எதற்கு? சில பாடல்களில் எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. இழைந்து போகவேண்டிய காதல் மெட்டுகளில் அவருடைய குரல் தரையில் கால் தேய்த்து நடக்கும். ஆனால் ‘பதினாறு வயதினிலே’யின் ‘சோளம் வெதக்கையிலே’யையோ, ‘பகவதிபுரம் ரயில்வே கேட்’ படத்தில் உமா ரமணனோடு பாடிய ‘செவ்வரளித் தோட்டத்துல’வையோ இன்னொருவர் குரலில் என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. தங்களால் முடிந்தால் யார் குரல் என்று எழுதுங்கள்.

கேள்வி: 1992ஆம் ஆண்டில் ‘ரோஜா’ வந்த பிறகு ராஜாவிடம் சொல்லும்படி எதுவும் இல்லை என்று என் அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் வந்து கவனிக்கப்படாமல் போன நல்ல பாடல்கள் என்று எவற்றைக் காட்டலாம்?
(வாசகி, கம்மனஹள்ளி)

பதில்: அந்த ஆண்டுகளில் ஒலியின் சுவையே மாறிவிட்டது. கணினியில் அடுக்கடுக்காகச் செதுக்கிய ஓசைக்குப் பழகிய செவிகளுக்கு, கூடத்தில் நாற்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த ஓசை பழையதாகத் தோன்றியது. மெட்டு தேய்ந்ததாக நாம் சொன்னவற்றில் பாதி, ஒலிப்பதிவின் மேல் நமக்கு இருந்த சலிப்பே. உங்கள் நண்பர்கள் ‘காதலுக்கு மரியாதை’யையும் ‘ஹே ராமை’யும் மறந்துவிட்டார்கள் என்பது வேறு செய்தி, அவை அறியப்படாதவை அல்ல என்பதால் விட்டுவிடுகிறேன்.

1997ஆம் ஆண்டில் நாசர் இயக்கிய ‘தேவதை’ படத்தின் பாடல்களைக் காட்டுங்கள். ‘தீபங்கள் பேசும்’ என்ற பாடலில், இசைக்கருவிகளின் எண்ணிக்கையைக் காட்டிக்கொள்ளாத ஒரு அடக்கம் இருக்கிறது. 1980களின் ராஜாவிடம்கூட அது எப்போதும் கிடைத்ததில்லை. அந்தப் படத்தை மக்கள் திரையரங்கில் பார்க்கவில்லை. கேசட் கடைகளில் அப்போது வேறு பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அலுவலகத்தில் கன்னட நண்பர்கள் இருந்தால் உங்கள் வேலை இன்னும் எளிது. அதே காலத்தில் சுனில் குமார் தேசாய் இயக்கிய ‘நம்மூர மந்தார ஹூவே’ படத்தின் பாடல்களை அவர்களையே பாடச் சொல்லுங்கள். ராஜாவின் கை ஓய்ந்துவிட்டது என்று நாம் இங்கே பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசைக்காரர் அவருடைய புதிய பாடல்களைக் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போது புரியும்.

ஆனாலும் அந்தப் பத்தாண்டின் இரண்டாம் பாதியில் வந்த எல்லாவற்றையும் காப்பாற்ற முயலாதீர்கள். பட்டியல் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு உறுதியாக நிற்கும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பொங்கல் விழாவுக்கு ராஜாவின் அதிகம் கேட்காத பாடல்களை மட்டும் வைத்து ஒரு மணி நேர நிகழ்ச்சி நடத்தத் திட்டம். பார்வையாளர்களில் பாதிப் பேர் கன்னடர்கள். ‘தெரியாத பாட்டைப் பாடினால் கூட்டம் எழுந்து போய்விடும்’ என்று செயற்குழுவில் எதிர்ப்பு. பாடுபவர்கள் இருவர், கீபோர்டு, தபேலா, ஒரு கிதார் உண்டு. எவற்றைப் பாடலாம்?
(வாசகர், ஸ்ரீராமபுரம்)

பதில்: செயற்குழு அஞ்சுவது நியாயமே. அறியாத பாடலுக்குக் கூட்டம் முதல் அரை நிமிடம்தான் தவணை தரும். எனவே ஒரு பாதிக்குத் தெரிந்ததும் மறு பாதிக்குத் தெரியாததுமான பாடல்களை மாற்றி மாற்றி அடுக்குங்கள். எந்த நேரத்திலும் அரங்கில் பாதிப் பேராவது கூடவே முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள்.

தொடக்கத்துக்கு ‘கடவுள் அமைத்த மேடை’யின் ‘மயிலே மயிலே’ பொருத்தமானது. ஹம்சத்வனி ராகம், கச்சேரியின் தொடக்கத்தில் கேட்டுப் பழகிய ராகம் என்பதால் பாட்டு புதிதாக இருந்தாலும் காது உட்கார்ந்துவிடும். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுவது என்பதால் உங்கள் இருவருக்கும் வேலை இருக்கும். அடுத்து மணிரத்னத்தின் முதல் படமான ‘பல்லவி அனு பல்லவி’யிலிருந்து ‘நகுவ நயன’. 1983ஆம் ஆண்டில் வந்த அந்தக் கன்னடப் படத்தில் அனில் கபூர் நாயகன், பாலு மகேந்திரா ஒளிப்பதிவாளர் என்று அறிவிப்பாளர் ஒரு வரி சொன்னால் தமிழர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். படத்தின் பின்னணி இசையிலிருந்து ஒரு துணுக்கைக் கிதாரில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஐடியா செல்பேசி விளம்பரத்தில் கேட்ட இசை அல்லவா இது என்று சிறுவர்களின் பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

‘தூரத்தில் நான் கண்ட உன் முகம்’ பாடலை உங்கள் பாடகி கேட்டாலும் கொடுக்காதீர்கள். அதன் இசைக்கோவை பெரியது. கீபோர்டு ஒன்றை வைத்துக்கொண்டு அதைத் தூக்க முடியாது, பாட்டின் எலும்பு மட்டும் மேடையில் நிற்கும். அவருக்கு ‘மஞ்சள் வெயில்’ கொடுங்கள். உங்களுக்கு ‘அள்ளித் தந்த பூமி’. ‘பருவ காலங்களின் கனவு’ பாடுவதானால் தபேலாக்காரர் மூலப் பாடலைக் குறைந்தது பத்து முறையாவது கேட்டிருக்க வேண்டும். மேடைக்கு என்று ஒரு பொதுத்தாளம் போட்டுத் தள்ளினால் அந்தப் பாட்டில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. எந்தப் பாடலிலும் இடையிசையை வெட்டாதீர்கள். நேரம் போதாவிட்டால் ஒரு பாடலைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி கேட்ட அல்சூர்க்காரரின் வழக்கையும் உங்கள் மேடையிலேயே நடத்திவிடலாம். ‘ஜொதெயலி’யின் பல்லவியையும் முதல் சரணத்தையும் கன்னடத்தில் பாடி, நிறுத்தாமல் இரண்டாம் சரணத்துக்கு ‘விழியிலே’க்குத் தாவுங்கள். இருவரும் ஒரே சுருதியில் ஒத்திகை பார்த்துக்கொள்வது அவசியம். மொழி மாறும் இடத்தில்தான் சுருதி நழுவும்.